தறிச் சத்தத்தில் ஒரு லைவ்

சூலூர் பக்கம் எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் எட்டுத் தறிகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதென்று வியாபாரிக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை லாரி வரும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ரசத்தை அவர் தலையில் ஊற்றாமல் விட்டதே பெரிசு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் நின்று ஓட்டிய தறிகள் அவை.

"நாமளே நூல் வாங்கி ஓட்டுன ஈரிழைத் துண்டு அத்தனை கெடக்குதுங்களே. போன்ல லைவ் போட்டு வித்துப் பாக்கறேன்" என்றேன்.

"ஊரே போன்லதான் விக்குது. வாங்கத்தான் ஆளைக் காணோம் அம்மணி" என்று சிரித்தார்.

அத்தையைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரின் அம்மா. பேச ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்டுவிட்டுப் போகும். பின்னால் தறி ஓடினால் பார்க்க அழகாக இருக்கும் என்று குடோனுக்குள்ளேயே போனை நிறுத்தினேன். அத்தை துண்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பிரமாதமாகப் பேசினார். முடிந்த பிறகுதான் கீழே வந்திருந்ததைப் படித்தேன். 'ஒண்ணுமே கேக்கல.' 'அங்கே மழையா?' 'அந்த மிஷினை யாராவது நிறுத்துங்கப்பா.'

எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவேயில்லை! தறிச் சத்தம் எங்களுக்குச் சத்தமே அல்ல. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டுத் திரும்புவோம். குடோனுக்குள் வாயை நம்பி யாரும் பேசுவதில்லை, எல்லாம் கைதான். நெற்றிப் பொட்டைத் தொட்டால் சிவப்பு. கன்னத்தில் மஞ்சள் பூசுவதுபோல் தேய்த்தால் மஞ்சள். வெற்றிலை மடித்து வாயில் வைப்பதுபோல் காட்டினால் பச்சை. அன்றைக்கும் அத்தை பேசப் பேசக் கையும் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சாயங்காலம் நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். தனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காதாம். எத்தனையோ லைவ் பார்த்திருக்கிறாளாம், முழுசாகப் புரிந்தது இதுதானாம். வீடியோவில் வர முடியுமா, பச்சைக் கரை போட்டது வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

கூப்பிட்டேன். அவள் கை பேசியது வேறு பாஷை, அத்தையின் கை வேறு பாஷை. இரண்டு நிமிஷம் தடுமாறினார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! துண்டு முடிந்து கரை முடிந்து, பிள்ளைகள், மூட்டுவலி, மருமகள் என்று போய்விட்டது. என்னைக் காட்டி அத்தை என்னமோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மேலெல்லாம் சிலிர்த்துப்போய் நின்றேன். இரைச்சலில் பிழைக்க நாங்கள் பழகிக்கொண்ட கைப்பேச்சு, இத்தனை தூரம் போய் ஒருத்தியைச் சிரிக்க வைக்கிறது. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்?

வியாழக்கிழமை அவள் தன்னைப்போலவே காது கேளாத சிநேகிதிகளையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். போன் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். என் வீட்டுக்காரருக்குக் கூச்சம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் தறியை நிறுத்திவிட்டு "வாங்க" என்று சொல்வது எங்கள் வழக்கம். மனுஷர் அதே மரியாதையில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, "வாங்க, வாங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கும்பிட்டார்.

தறி நின்றதும் அத்தையின் கையும் நின்று, வாய்தான் அசைந்தது. கட்டங்களில் இருந்த முகங்கள் அத்தனையும் வாடிப்போயின. நாகர்கோவில்காரி அவருக்குப் பின்னால் நின்றிருந்த தறிகளைக் காட்டி, ஏன் என்று கையை விரித்தாள். பிறகு இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி ஆட்டி, ஓட்டுங்கள் என்றாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். போன் முழுக்கக் கைகள் தறி ஓட்டின.

அவர் போய்ச் சுவிட்சைப் போட்டார். தறிகள் ஓட ஆரம்பித்ததும் அங்கே எல்லாரும் கை தட்டினார்கள். இருந்த துண்டெல்லாம் அன்றே போயிற்று; இன்னும் வேண்டும், இந்த இந்தக் கலரில் வேண்டும் என்றார்கள். எட்டுக்கும் வேலை வந்துவிட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். நாலு தறியைப் பிற்பாடு விற்கத்தான் வேண்டியிருந்தது. மீதி நாலும் இன்றைக்கும் ஓடுகின்றன.

அன்று அவர் வாசலுக்குப் போய் இரும்பு வியாபாரியைப் போனில் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

"அண்ணா, நாளைக்கு லாரி வேண்டாமுங்க. தறியை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க."

யார் அப்படிச் சொன்னது என்று வியாபாரி கேட்டிருப்பார் போல. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க" என்றார்.