தங்கச்சியின் செதில் அட்டியல்

எங்கள் தங்கச்சி எங்களை விட்டுப் போய் இன்றைய திருப்பலியோடு ஒரு வருடம் நிறைகிறது. வந்திருக்கும் உறவுகளுக்கும் அயலவர்களுக்கும் அவருடைய அக்கா எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் கதைக்கத் தெரியாது. தங்கச்சியை வாழ்நாள் முழுக்க "எடியே" என்றுதான் கூப்பிட்டேன். நினைவு மலரில் அப்படி எழுதக் கூடாதாம். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில், கரைவலை இழுக்கும் வீட்டில் தங்கச்சி கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அண்ணா மூத்தவர், நான் நடு. அம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து, பறக்கும் செதிலைப் பிடித்து நெற்றியில் ஒட்டி, பொட்டு என்பார்.

அவருக்குப் பேசிவந்த கலியாணங்கள் சண்டையில் குழம்பிப் போயின. இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது அம்மாவின் மருந்துக்காகத் தன் தோட்டைக் கழற்றி விற்றார். காதுத் துவாரம் தூர்ந்து போகாமல் வேப்பங்குச்சி செருகிக்கொண்டார். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, நாங்கள் இரண்டு பேரும் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குச்சிதான்.

ஒருநாள் பெரிய கொடுவா மீன் ஒன்று வந்தது. அதன் செதிலில் இரண்டை எடுத்துக் கழுவிக் காயவைத்து, கம்பியில் கோத்து, மறுநாள் காதில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார். சந்தைப் பெண்கள் விடுவார்களா?

"என்னடி இது? பூனை வந்து காதைக் கவ்வப் போகுது!"

"வந்தால் வரட்டும். மனிசர் ஒருத்தரும் வரேல்லைத்தானே" என்றார் தங்கச்சி. சந்தை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து, சிரித்தவர்களே நல்ல செதில்களை அவருக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.

செதிலை உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். மணம் போகும்வரை விடமாட்டார். ஈரமாக இருக்கும்போதே வளைத்துக் கத்தரிப்பார். நிழலில் காய்ந்தால் அது மல்லிகை இதழ் மாதிரி அப்படியே நின்றுவிடும். தேயிலைச் சாயத்திலும் பீற்றூட் சாற்றிலும் தோய்ப்பார். வெள்ளிக் கம்பியில் கட்டித் தோடு, வளையல், கொண்டைப் பூ எல்லாம் செய்தார். "மீன் போட்டிருந்த நகையைத்தான் நான் வாங்கிப் போடுறன், அக்கா" என்பார். ஒன்றைப் போல இன்னொன்று செய்யவே மாட்டார். கேட்டால், கடலில் அப்படி இரண்டு மீன் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்.

அண்ணாவின் மகள், எங்கள் மருமகள், கொழும்பில் நகை செய்யப் படித்து, அதையே தொழிலாகச் செய்கிற பிள்ளை. தங்கச்சியின் வேலையை முதன்முதலில் மெச்சியது அவர்தான். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். லீவுக்கு வந்தால் மாமியின் பாயை விட்டு எழும்ப மாட்டார்.

"மாமி, நீங்கள் பெரிய ஆர்ட்டிஸ்ட்."

"அதென்ன வருத்தம் பிள்ளை? மருந்து இருக்கோ?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கடைசிக் காலத்தில் தங்கச்சி தன் கழுத்துக்கென்று ஓர் அட்டியல் செய்தார். சாயம் போடவில்லை, செதிலின் சொந்த வெள்ளைதான். நடுவில் அம்மாவின் செபமாலைச் சிலுவை. செய்து முடிந்த கையோடு எங்கள் வீட்டுப் பூனை இடப்பக்கத்து இதழ் ஒன்றைக் கடித்துவிட்டது. நான் பதறினேன். "சந்தையிலை சொன்னவையெல்லே, கடைசியிலை வந்திட்டுது. அது கிடக்கட்டும்" என்று மாற்றாமலே விட்டார். கேட்டவர்களுக்கு அந்த அட்டியலை அவர் கொடுக்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணாவின் கையைப் பிடித்துக் கேட்டார்.

"அண்ணா, எனக்கு ஆரின்ரையும் நகை இரவல் வாங்கிப் போடாதேங்கோ. என்ரை அட்டியலோடை அனுப்புங்கோ."

"ஓம் பிள்ளை. நான் இருக்கிறன்தானே."

தங்கச்சி தனக்கென்று ஒருவரிடம் ஒன்று கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

செத்தவீட்டன்று நான் அட்டியலைப் போட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் சொந்தக்காரச் சனம் வரத் தொடங்கியதும் அண்ணி வந்து கழற்றினார். "மீன் செதிலைப் போட்டுக் கிடத்தியிருக்கினம் எண்டு கதைக்கப் போகினம்" என்று, முலாம் பூசின சங்கிலி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டார். நான் அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். "பெட்டி மூடேக்கை உள்ளுக்கு வைப்பம். நீ போய் இரு" என்றார். போய் இருந்தேன். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பி வரும்போது கேட்டேன்.

"வைச்சனீங்களோ அண்ணா?"

"வைச்சனான் பிள்ளை. அவளின்ரை கையுக்குள்ளை வைச்சனான்."

கையுக்குள்ளே என்றார். அந்தச் சொல்லில்தான் நான் ஆறினேன். ஒவ்வொரு வெள்ளியும் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, "அட்டியலைப் பிடிச்சுக்கொண்டு நிம்மதியாய்ப் படு" என்று சொல்லிவிட்டு வருவேன்.

போன மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டு ரீச்சர் போனைக் கொண்டுவந்து காட்டினார். கொழும்பில் மருமகளின் நகைக் கண்காட்சி. உயரமான பெண் ஒருத்தியின் கழுத்தில் எங்கள் அட்டியல். இடப்பக்கத்தில் பூனை கடித்த இதழ். கீழே இருந்ததை ரீச்சர் வாசித்தார்: மருமகள் கடலை நினைத்துச் செய்ததாம்.

மருமகளுக்குப் போன் எடுத்தேன்.

"மாமி, கோவிக்காதேங்கோ. மண்ணுக்குள்ளை கிடந்தால் ஆர் பார்க்கிறது? இஞ்சை எத்தினை சனம் நிண்டு பார்த்தது தெரியுமே?"

"ஆர் செய்தது எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை."

"என்ன சொன்னனீ?"

"ஆக்கள் வருகினம் மாமி. பிறகு எடுக்கிறன்." பிறகு எடுக்கவில்லை.

அண்ணாவிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "மகள் கேட்டு அழுதவள். நல்ல சாமானை மண் தின்ன விடலாமோ? செத்தவவுக்குத் தெரியவே போகுது?" என்றார்.

தங்கச்சிக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிகிறதே. எங்கள் சனத்துக்கு முன்னால் தங்கச்சியின் கழுத்துக்கு ஆகாதது, கொழும்பில் இன்னொருத்தியின் கழுத்துக்கு ஆகியிருக்கிறது. இரவல் சங்கிலியையும் பெட்டி மூடுமுன் கழற்றிவிட்டார்கள் என்று இப்போதுதான் அறிகிறேன். வெறுங்கழுத்தோடு போயிருக்கிறார். காதில் ஒரு வேப்பங்குச்சிகூட இல்லை. அவர் செய்த மற்ற எல்லாவற்றையும் மருமகள் எடுத்திருக்கலாம்; பெயர் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இது ஒன்றைத்தான் அவர் கேட்டார்.

தங்கச்சியைப் பராமரித்த டொக்டர்மார், தாதிமார், செபம் சொன்ன பாதர், செதில் ஒதுக்கி வைத்த சந்தைப் பெண்கள், இதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத்துப் பிழை மட்டும் திருத்தித் தந்த ரீச்சர், எல்லாருக்கும் என் நன்றி. பெட்டியைத் தோளில் சுமந்த அண்ணாவுக்கும் நன்றி.

பூசை முடிந்து எல்லாரும் சேமக்காலைக்கு வருவோம். சிலுவையின் காலடியில் நான் ஒரு சிறிய குழி வெட்டி வைத்திருக்கிறேன். அட்டியலை வைத்திருப்பவர் கொண்டுவந்து அதற்குள் வைத்தால் போதும். ஒருவரும் ஒன்றும் கேட்க வேண்டாம். நானும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வைக்கிற கையைப் பார்ப்பேன், மண்ணைத் தள்ளி மூடுவேன்.

அன்புடன்,
அக்கா