சுகமாயிருந்த மகனுக்கு வந்த சூப்

என் மகன் ஜோயல் ஒரு வருஷத்துக்கு மேல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவான். கதவு மூடிக்கொள்ளும்.

நான் கேட்டி என்ற அமெரிக்க ஊரில் பேக்கரி வேன் ஓட்டுகிறேன். எட்டாவது வரை படிப்பு. பேச்சும் குறைவு. மனைவி எஸ்தர் நர்ஸ். அவள் வேலையில்தான் இந்த நாட்டுக்கு வந்தோம்.

பள்ளி முடித்தபோது ஜோயல் ஒரு பெரிய யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணினான். வருகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புகிற இடம். எங்கள் சர்ச் சபை முழுவதும் அந்த யுனிவர்சிட்டியின் பெயர் சொல்லி ஜெபித்தது. கிடைக்கவில்லை. அதுவும் சபை முழுவதற்கும் தெரிந்தது. ஆராதனை முடிந்து ஒவ்வொருவராக அவன் தோளைத் தட்டினார்கள். அன்றுதான் கதவை மூடினான்.

கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். நல்ல மார்க். இரண்டாம் வருஷம், அதே யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேட்கப் போகிறேன் என்றான். அது இன்னும் கஷ்டம். நடுவில் யாராவது விட்டுப்போன இடம்தான் கிடைக்குமாம். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. நீ யார், ஏன் மாற வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். எழுதுவான், அழிப்பான். கடைசித் தேதி நெருங்கியது. முகம் கறுத்துப் போயிற்று. என்னிடம் ஒன்றுதான் சொன்னான்.

“அப்பா, ப்ளீஸ். டோன்ட் டெல் எனிஒன் அட் சர்ச்.”

சரி என்றேன்.

ஆனால் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் ஜெபக்குறிப்பு கேட்டார். எழுந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் முறை.

“மகனுக்காக ஜெபம் பண்ணுங்க. காரணம் சொல்ல முடியாது.”

உட்கார்ந்துவிட்டேன். பாஸ்டர் ஜெபித்தார். டாக்டர்களின் கைகளை ஆசீர்வதியும் என்றார். டாக்டர்களும் நன்றாக இருக்கட்டும் என்று நானும் ஆமென் சொன்னேன்.

மறுநாள் காலை ரோசி அக்கா ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். எங்கள் சபையில் மூத்தவர்.

“மறைக்காதீங்க தம்பி. எந்த ஸ்டேஜ்?”

“சுகமா இருக்கான் அக்கா.”

அவர் கண் கலங்கியது. “இந்த விசுவாசம் எனக்கு இல்லையே.”

மதியம் ஒரு சகோதரர் கோழி சூப்போடு வந்து காதருகே சொன்னார். “பிரதர், ஜாமீன் எடுக்கணும்னா கூச்சப்படாதீங்க. தெரிஞ்ச வக்கீல் இருக்கார்.” மாலையில் ஒரு தம்பதி ரசமும் ஒரு பெண்ணின் போட்டோவும் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடுமாம். பொய் சொல்லக் கூடாது. உண்மையும் சொல்லக் கூடாது. பாத்திரங்களை வாங்கி வைத்தேன். ஃப்ரிட்ஜ் மூட மறுத்தது.

ஞாயிறு மதியம் ரோசி அக்கா மறுபடி வந்தார். கதவைத் திறந்தது ஜோயல். வாசலிலேயே அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். கல்லீரலில் ஆரம்பித்து ஒவ்வொரு உறுப்பாகப் போனார். எது என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை.

“ஆன்ட்டி, ஐ'ம் ஃபைன்.”

“அப்படித்தான் விசுவாசத்தோட அறிக்கை பண்ணணும் கண்ணு.”

அவர் போனதும் என்னிடம் வந்தான். “அப்பா, வாட் டிட் யூ டூ?”

“ஜெபிக்கச் சொன்னேன். காரணம் சொல்லல.”

திட்டுவான் என்று நினைத்தேன். சிரித்தான். சுவரில் சாய்ந்து, பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்று மேசையில் எங்களோடு உட்கார்ந்து மூன்று வகை சூப் குடித்தான். எஸ்தர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுந்து போய் கட்டுரையை எழுதி முடித்தான். எஸ்தர்தான் வாசித்துச் சொன்னாள். நோயில்லாதவன் வீட்டுக்கு வந்த சூப்பைப் பற்றியாம். தோற்றபோது தோளைத் தட்டியதும் இதே ஆட்கள்தான் என்று எழுதியிருந்தானாம். ஒரு வார்த்தை இத்தனை வீடு எப்படிச் சுற்றுகிறது, எப்படிச் சூப்பாகத் திரும்பி வருகிறது என்று படிக்க வேண்டுமாம். அதற்கும் படிப்பு இருக்கிறது.

மே மாதம் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். “நவ் யூ கேன் டெல் தெம்,” என்றான். ஞாயிற்றுக்கிழமை, கிடைத்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்தேன்.

“மகனுக்கு இடம் கிடைச்சிடுச்சு.”

“எந்த ஆஸ்பத்திரியில தம்பி?” என்றார் ரோசி அக்கா.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அது. சபை சிரித்து ஓய நேரமாயிற்று. “கல்லீரலுக்கு ஜெபிச்சது வீண் போகாது,” என்றார் அக்கா.

ஆண்டவருக்கு நன்றி. ஒரு இடம் கேட்டேன். அவர் முதலில் என் வீட்டுக்குள் இருந்த கதவைத் திறந்தார். உங்கள் வீட்டிலும் ஒரு கதவு மூடியிருந்தால் கேளுங்கள். காரணம் சொல்ல வராவிட்டாலும் கேளுங்கள்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீல மூடி போட்ட ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு சகோதரர் எழுந்து, மகளுக்காக ஜெபியுங்கள் என்றார். மேலே பேசவில்லை. மறுநாள் அந்தப் பாத்திரத்தில் ரசம் கொண்டுபோனேன்.

“என்னன்னு சொல்ல முடியாது பிரதர்,” என்றார்.

“சூடா இருக்கு. பாத்துப் பிடிங்க,” என்றேன்.