வசுமதி முகர்ந்த குழாய்

வசுமதிக்கு எதையும் முகர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. செங்கல்பட்டில் நாங்கள் வேலை செய்யும் மண் பரிசோதனைக் கம்பெனியில் விதவிதமான கருவிகள் உண்டு. அவள் முதலில் நீட்டுவது மூக்கைத்தான். ஓட்டலில் சாம்பார் வந்தாலும் அப்படியே செய்வாள், சர்வர் முறைப்பார். வேன் ஓட்டுவதும் மண்ணைத் துளைப்பதும் என் வேலை என்பதால், கூட இருந்த பாவத்துக்கு எனக்கும் அந்த முறைப்பில் பங்கு கிடைக்கும்.

அவள் அணுபுரத்தில் வளர்ந்தவள். கீழே கிடப்பதையெல்லாம் எடுத்து 'இது எங்கிருந்து வந்தது' என்று கேட்டே வீட்டாரின் உயிரை எடுத்தவளாம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுமுன், மண்ணில் விஷம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது.

போன கோடையில், அப்படி இடிக்கவிருந்த சம்பத் வீட்டுக்குப் போனோம். அவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"பக்கத்து வூட்டு வேண்டாக்கா கெணத்துத் தண்ணி மேடம். தெருவே இத்தான் குடிக்குது."

வசுமதி முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் வைத்தாள். எனக்கு மானம் போயிற்று. அவள் பங்கையும் நானே குடித்துவைத்தேன்; டீசலில் ஊறிய என் மூக்குக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

தோட்டத்தில் தரையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மஞ்சள், குங்குமம் வேறு.

"எங்கப்பா கெணத்த மூடசொல்ல வெச்சது மேடம். அது மூச்சு வுடணும்ல?" என்றார் சம்பத்.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். கிணற்றை மூடினால் குழாய் வைக்காமல் விடமாட்டார்கள். வசுமதியோ மண்டியிட்டுக் குழாய் வாயில் மூக்கை வைத்துவிட்டாள். புதையலைக் கண்ட முகம். "அண்ணா, நீங்களும் வந்து பாருங்க" என்றாள். குனிந்தேன். ஒர்க்ஷாப் வாடை.

"இதுல ஏதாச்சும் ஊத்துவீங்களா சார்?" என்று கேட்டாள் வசுமதி.

"பின்ன? கொசு பூந்துகினு முட்ட வெச்சுடும்ல? லாரிக்கு ஆயில் மாத்தசொல்லல்லாம் பழசை இதுலதான் ஊத்துவேன். ஒரு கொசு கெடையாது!"

மூச்சுவிட வைத்த மூக்கிலேயே எண்ணெய் ஊற்றியிருக்கிறார் மனுஷர். எனக்குச் சிரிப்பு வந்தது. சொம்புத் தண்ணீர் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்ன வேண்டா அக்கா வீட்டுக் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

எங்கள் வேலை மதிலோடு முடிகிறது, வெளியே போனால் மேனேஜர் கத்துவார் என்றேன். "கத்தட்டும்ணா" என்று சொல்லிவிட்டு, பாட்டிலோடு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வேண்டா கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவள். ரசத்துக்குப் பேர்போனவள். கொரோனா காய்ச்சலுக்குப் பிறகு சமைக்கப் போவதில்லை.

"தண்ணில ஒரே ஆயில் வாடைம்மா. சொன்னா, கொரோனால உன் மூக்கு போச்சுக்கான்றாங்க. இந்த சம்பத்தும் அத்தயேதான் சொல்றான். வாடை தெரியாதவ எப்டி ரசம் வெக்கறது? தண்ணி கெட்டுப்போச்சா, என் மூக்கு கெட்டுப்போச்சா? நீயே பாத்துச் சொல்லு."

தினம் குடித்த தெருவுக்கு அந்த வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டிருந்தது. வசுமதி சந்தேகப்பட்டாள், ஆனால் சோதிக்காமல் வாயைத் திறக்கமாட்டாள். "டெஸ்ட் வரட்டும்மா. அதுவரைக்கும் இந்தத் தண்ணிய யாரும் குடிக்க வேணாம்" என்றாள்.

முடிவு வந்தது. குழாயிலும் கிணற்றிலும் ஒரே எண்ணெய். கேட்ட சம்பத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நானே சொல்றேன் மேடம்" என்று எழுந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

"அக்கா, அது நான் ஊத்துன ஆயிலுதான். உன் கெணத்துல எறங்கிடுச்சு."

வேண்டாவின் வாய் அந்தத் தெருவுக்கே தெரியும். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவளோ நிலைக்கதவைப் பிடித்தபடி வசுமதியைப் பார்த்தாள்.

"அப்போ என் மூக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்மா. எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு."

வேண்டா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே உள்ளே போய்ப் பரணிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துவந்தாள். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய முகர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் சம்பத்தைத் திட்ட ஆரம்பித்தாள்.