என் வலது கைக்காக வாதாடியவர்

போன வாரம் சித்தூரிலிருந்து ஆபீசுக்கு டிரங்க் கால் வந்தது. தம்பிதான். டிரங்க் கால் என்றால் அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவான். "அக்கா, நம்ம வக்கீலு பூட்டாரு! இட்லி துன்னுக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்!" எந்த வக்கீல் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வக்கீல் என்றால் ஜெயசீலன் ஐயா ஒருவர்தான். சபையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவர்களுக்கு அவருடைய குறட்டை நினைவிருக்கும். நான் சொல்ல வந்தது அவர் தோற்றுப்போன ஒரு வழக்கைப் பற்றி.

அறுபதுகளின் தொடக்கம், எனக்கு ஐந்து வயது. ரேணிகுண்டாவில் ஒரு கல்யாணத்துக்குப் போகத் திருப்பதியில் பஸ் மாறினோம். பிரம்மோற்சவக் கூட்டம். மலைக்குப் போகிறவர்களுக்குக் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். "ரண்டி, ரண்டி" என்று கூப்பிட்டு எங்களையும் வரிசையில் தள்ளினார்கள். "நாங்க மலைக்குப் போறவங்க இல்லீங்க, ஏசுவக் கும்புடற வேதக்காரங்க" என்றார் நைனா. "காலராவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எனக்கும் குத்தினார்கள்.

சில நாளில் என் வலது கை தொங்கிப்போனது. ஊசியால்தான் என்றார் நைனா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு இன்றைக்கும் தெரியாது. "நாளைக்கு இவள எவன் கட்டுவான்? சர்க்காரு இவ பேருக்கு எதனா எழுதி வெக்கட்டும்" என்று நஷ்டஈடு கேட்கக் கிளம்பினார் நைனா. மற்ற வக்கீல்கள் நிற்காத வழக்கு என்று கைவிரித்தார்கள். "நிக்கிற கேஸ் மட்டும் எடுத்தா எனக்கு வாரம் பூரா ஞாயித்துக்கெழமதான்" என்று சொல்லி ஜெயசீலன் ஐயா எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "சின்னவனுக்கு அம்ம ஊசி போட்டாச்சா? பயந்துக்கினு உட்டுட்டியா? மொதல்ல அத்த போட்டுக்கினு வா, அப்பறம் கேஸ் பேசலாம்." ஊசிக்கு எதிராக வழக்குப் போடப் போன நைனா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடுகிற இடத்தைத் தேடி ஓடினார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் என் கை மெல்லத் தோள் வரை எழும்பிவிட்டது. அம்மா கோர்ட்டுக்குப் பயந்தவள் இல்லை, கர்த்தருக்குப் பயந்தவள். அறுப்பின் பண்டிகை ஆராதனையில், நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வது நம் சபையின் வழக்கம். அம்மா எழுந்து நின்று, "எம்பொண்ணு கைய கர்த்தரு..." என்று ஆரம்பித்தாள். அரசு வக்கீலும் நம் சபைக்காரர்தான். ஐயாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஐயா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உடனே எழுந்து, முடிவுப் பாட்டை உச்சக் குரலில் எடுத்துவிட்டார். பாட்டு வந்தால் வாயை மட்டும் அசையுங்கள் என்று எல்லாரும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். பழக்கதோஷத்தில் ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது. முடிவுப் பாட்டு என்றதும் சபை பாடி முடித்து வெளியே போய்விட்டது. காணிக்கையாக வந்து, ஏலம் விட வேண்டியிருந்த பூசணிக்காய்களோடும் கோழிகளோடும் போதகர் தனியாக நின்றார். அம்மாவா விடுவாள்? வாசலில் நின்று மீதிச் சாட்சியைச் சொல்லி முடித்தாள். அரசு வக்கீல் நின்று முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

"கோர்ட்ல நான் இன்னாங்க சொல்றது?" என்று அம்மா பிறகு ஐயாவிடம் கேட்டாள். "கோயில்ல சொன்னதையே சொல்லும்மா. ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி சொன்னா எனக்கு ஞாபகம் வெச்சிக்க வராது" என்றார் அவர்.

எதிர்பார்த்தபடியே, கூண்டில் ஏறிய அம்மாவிடம் அரசு வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கைய கர்த்தரு கொணமாக்கிட்டாருன்னு கோயில்ல சொன்னீங்களா, இல்லியா?"

"சொன்னேங்க. தோள் வரைக்கும் கர்த்தரு தூக்கி உட்டாரு. அதுக்கு மேல சர்க்காரு தூக்கட்டும்."

அதைத் தெலுங்கில் சொல்லக் கேட்ட நீதிபதியே சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் தீர்ப்பு எங்களுக்கு எதிராகத்தான் வந்தது. கையில் குறை இருப்பது மெய், அது ஊசியால் வந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆள் அனுப்பாமல் ஐயாவே வீட்டுக்கு வந்து சொன்னார். "அப்ப எம்பொண்ணு கதி?" என்று நைனா உடைந்துபோய்க் கேட்டார். ஐயா என்னைக் கூப்பிட்டு, "எங்க, கைய தூக்கு பாப்போம்" என்றார். ஊரார் கண்ணில் படாமல் பாவாடை மடிப்புக்குள் நான் ஒளித்துவைத்திருந்த கை அது. தோள் வரை தூக்கினேன். அவர் எட்டிப் பிடித்து, பெரிய மனிதர்களிடம் செய்வதுபோல அழுத்தமாகக் குலுக்கினார். "கை குலுக்கறதுக்கு இவ்ளோ ஒசரம் போதும்மா" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அதுதான். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் முதலில் கையை நீட்டுகிறவள் நான். பெண் பார்க்க வந்தவரிடமும் நீட்டினேன். அவர் மிரண்டுபோய்க் குலுக்கிவிட்டு, காபியைக் கூடக் குடிக்காமல் சம்மதம் சொன்னார். அந்தச் செய்தியைக் கேட்டு ஜெயசீலன் ஐயா, "அப்பீல்ல ஜெயிச்சிட்டோம்" என்று நைனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடக்கத்தன்று பெட்டியில் அவர் கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். வலது கையை நீட்டி அவர் கையைப் பிடித்தேன். குலுக்கத்தான் நினைத்தேன், அழுகை முந்திக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் "நவுரும்மா, நவுரு" என்றார்கள். நான் விடவில்லை.