கலப் போக்குவரத்துக் கந்தோர்

கடக், கடக், கடக். இந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஆய்வுகூடத்தில் இரா வேலை என்றால் கள்ளன் பிடிப்பதல்ல. ஈஸ்ட் வளரும் குடுவைகளைக் குலுக்கும் மெசின் நிற்காமல் பார்ப்பது; நின்றால் உள்ளே வளர்வதற்குக் காற்றுப் போதாது. நித்திரையை விற்றுச் சீவிக்கிற சகபாடிகளுக்கு இந்த வருத்தம் விளங்கும்.

பெயர்ப்பலகை

எங்கள் மிஸ், ஈஸ்ட் கலங்களுக்குள், அதாவது உயிரணுக்களுக்குள், புரதம் எப்படி இடம்விட்டு இடம் போகிறது என்று ஆராய்கிறவர். கதவில் 'கலப் போக்குவரத்து ஆய்வு' என்று எழுதியிருக்கிறது. ஒருநாள் விடிய, நான் குடுவை கழுவிக்கொண்டிருக்க, கச்சாயிலிருந்து ஒரு தோணிக்காரர் வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "என்ரை மீன்பிடிக் கலத்தைப் பதியவேணும்" என்றார். "ஐயா, இஞ்சை கலம் எண்டால் கண்ணுக்கே தெரியாது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியாத கலத்திலை எப்பிடித் தம்பி இலக்கம் எழுதிறியள்?"

தோணி பதிகிற அரசாங்கக் கந்தோருக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

கொடிகாமம் சந்தை

நான் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். சும்மா இருந்தால் மனம் கண்டதையும் தோண்டும். அதனால் மிஸ்ஸின் புத்தகங்களை அகராதியோடு வாசித்துப் படித்தேன். வீட்டில் மனுசிக்கும் விளக்கினேன்: "கலத்துக்குள்ளை செய்த புரதம், சின்னப் பைகளிலை ஏறி விளிம்புக்குப் போகவேணும். கொடிகாமம் சந்தையிலை மரக்கறி லொறி ஏறிற மாதிரி. மிஸ்ஸின்ரை கலத்திலை சூடு கூடினால் லொறி நிண்டுபோகும். பழுதான பாகத்தை இப்ப திருத்தியிருக்கிறா. இந்தமுறையும் ஓடாட்டில், எல்லாம் முதலிலையிருந்து."

மனுசி கத்தரிக்காயை வெட்டியபடியே சொன்னாள்: "கெதியா ஓடச் சொல்லுங்கோ, அழுகினால் ஆர் வாங்கிறது?"

தொட்டில்

சோதனை நாள். மிஸ் வரும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடக் சத்தம் நின்றது. ஜெனரேட்டர் உயிர்பெறும்வரை குடுவையை நெஞ்சோடு அணைத்துக் கையாலேயே ஆட்டினேன். பயத்தில் வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது. கதவைத் திறந்த மிஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை, தாலாட்டும் பாடுறியளோ?"

கரை

கரண்ட் வந்ததும், கலங்களைச் சூடேற்றி, ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியவென்று புரதத்துக்குப் பச்சை ஒளி கட்டியிருந்தது. திரையில், கலத்தின் நடுவில் பச்சைக் குவியல், அசையவில்லை. மிஸ் நகம் கடித்தார். அந்த நேரம் பார்த்துத் தோணிக்காரர், பதிவு சரிவந்த சந்தோசத்தில், ஒரு பை நண்டோடு வாசலில்! போகச் சொல்ல மனமில்லை, மூவரும் பார்த்திருந்தோம். குவியல் மெல்லக் கரைந்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் ஒன்று எழுந்தது. மிஸ் "விளிம்புக்குப் போயிட்டுது, அண்ணை!" என்று கத்தி, சிரித்து, அழுதார். தோணிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சாமான் கரைக்கு வந்திட்டுதெண்டால், பிள்ளை, இனி உங்கடை கலத்தையும் பதியலாம்."

எங்கள் கந்தோரில் எது கலம், எது கரை என்று யாரும் குழம்பலாம், குடுவை கழுவுகிறது யார் என்பதில் மட்டும் ஒருவருக்கும் குழப்பமில்லை என்பதால், நான் பிரஷ்ஷை எடுத்தேன்.