ஏழாம் மூடியில் ஒரு கோடு

காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று என் படிப்பு மேசையில் கிடக்கிறது. அதன் வளைவில், ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. இருக்கிறது என்று எழுதிவிட்டேன். இன்று காலை பார்த்தபோது இருந்தது. நேற்று இதே குழல்விளக்கின் கீழே எப்படிச் சாய்த்தும் என் கண்ணுக்கு அகப்படவில்லை. இதை எனக்குக் கொடுத்தவர் மண்ணூர் அக்கா.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் வருகைப் பதிவேட்டில் இனிஷியலோடு முழுப் பெயரையும் அழுத்தி எழுதுவேன். "இன்னா பொண்ணு, கல்யாணப் பத்திரிகையா எழுதறே? பின்னாடி ஒரு ஷிப்டே நிக்குது" என்று முதல் நாளே கிண்டல் செய்தவர்தான் அக்கா. மண்ணூரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது முழங்காலில் தகடு வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் நிற்க முடியாது.

அதனால்தான் அந்த மேசை அவருக்கு உயிராக இருந்தது. பெயின்ட் காய்ந்து வரும் மூடிகளை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, ஓகே, ரிஜெக்ட் என்று பிரிக்கும் மேசை. எங்கள் லைனில் நாற்காலி போட்ட இடம் அது ஒன்றுதான். நான் அவர் பக்கத்தில் நின்று ரிஜெக்ட்டுகளை அடுக்குவேன். எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவர் தூசி, குமிழி, கோடு என்று சொல்லிக்கொண்டே போவார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் டெஸ்ட் வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது போன்றதல்ல. பத்து மூடிகள். பின்பக்கம் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருப்பார்கள். கலைத்துக் கலைத்து மூன்று தடவை காட்டுவார்கள். ஒரே மூடிக்கு மூன்று தடவையும் ஒரே பதில் வர வேண்டும். அந்த முறை என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்; அக்கா பார்த்து முடித்த மூடி அடுத்து என் கைக்கு வரும்.

ஏழாம் மூடிக்கு அக்கா காலையில் ரிஜெக்ட் என்றார். டீ குடித்துவிட்டு வந்து ஓகே என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ரிஜெக்ட் என்றார்.

சூப்பர்வைசர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, காலைல இருந்த கோடு நடுவுல எங்க போச்சு? லீவு போட்டு ஊருக்குப் போய் வந்துச்சா?"

"அதான் சார் எனக்கும் புரியல. அப்போ இருந்துச்சு, சொன்னேன். இப்போ இல்ல, இல்லன்னேன். கண்ணுல படாதத கீதுன்னு எப்படி சார் சொல்றது?"

எனக்கு முப்பதுக்கு முப்பதும் சரி. அடுத்த வாரம் அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. "படிச்ச பொண்ணு, கண்ணு கரெக்டா கீது" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

உண்மையில், ஏழாம் மூடியின் ஸ்டிக்கர் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. கையில் எடுத்ததும் அது விரலில் நெருடும். நெருடினால் ரிஜெக்ட். மற்ற மூடிகளுக்கும் இப்படி ஏதோ ஒரு பசைத்தடம், ஒரு சுருக்கம். பாடத்தை மனப்பாடம் செய்வதுபோல முதல் சுற்றிலேயே பதிந்துவிட்டது. முதல் சுற்றிலாவது கோட்டைப் பார்த்தேனா, அல்லது அக்காவின் வாய் அசைவைப் பார்த்தேனா? எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை.

வருடம் முடிந்து, கண் பரிசோதனைப் படிப்பில் சேர வேலையை விட்டேன். அப்போது டெஸ்ட் மூடிகளை மாற்றிப் பழையதைக் கழித்திருந்தார்கள். அக்கா அந்த ஏழாவதை மட்டும் கேட்டு வாங்கி, வெளியே கொண்டுபோக கேட் பாஸ் போட்டு என்னிடம் கொடுத்தார். "நீ படிக்கப் போறவ. இதுல கோடு கீதா இல்லியான்னு நிதானமா பாத்துச் சொல்லு. எனக்கு மனசு ஆறல."

போன மாதம் வகுப்பில் ஒன்று சொன்னார்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும், மூளையில் பார்வைக்கான நரம்புச் செல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பதில் தருவதில்லையாம். ஒருமுறை படபடவென்று துடிக்கும், ஒருமுறை சும்மா இருந்துவிடும். விழிப்பாக, கவனமாக இருக்கும்போது மூளையில் அசிட்டைல்கோலின் போன்ற ரசாயனங்கள் சுரந்து அந்தப் பதிலை நிலைப்படுத்துகின்றனவாம். எழுந்து கேட்டேன்: "அப்படியானால் பயத்தில் பார்த்தால் பதில் உறுதியாகுமா, குலையுமா?" பேராசிரியர், "அது அவ்வளவு நேரான கணக்கு இல்லைம்மா. எந்த ரசாயனம், எவ்வளவு, எந்த நேரம் என்பதைப் பொறுத்தது" என்றார். டீ குடித்துவிட்டு வந்த அக்காவின் தலைக்குள் அப்போது எது சுரந்தது, எது வற்றியது? கோடு விட்டுப்போனதற்கு அதுதான் காரணமா? தெரியவில்லை. மூன்று தடவையும் அவர் நிஜமாகவே பார்த்தார் என்பது மட்டும் தெரிந்தது.

மூடியை எடுத்துக்கொண்டு குன்றத்தூரில் இப்போது அவர் குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். படித்ததைச் சொன்னேன். ஸ்டிக்கர் விஷயத்தையும் சொன்னேன். அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. தைலப் புட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

"அடிப்பாவி" என்றார். "அன்னிக்கே சொல்லிருந்தீன்னா ரெண்டு பேரும் பேக்கிங்ல ஒண்ணா நின்னிருப்போம்." சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூடியை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார். "எனக்குத் தெரியுது. உனக்கு?"

நானும் குனிந்து பார்த்தேன். கறுப்பில் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. எங்கள் இரண்டு முகங்களும் தெரிந்தன.

"இப்போ தெரியலக்கா" என்றேன்.

"சரி, எடுத்துக்கினு போ. தெரியறப்போ போன் பண்ணு."

அந்த ஸ்டிக்கரை முழுதாகப் பிய்த்து, பசையையும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். இன்று காலை கோடு தெரிந்தது. போனை எடுத்தேன். கூப்பிடும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மூடியைச் சாய்த்தேன்.