நாக்கடியில் துரு

முதலில் நாக்குக்கு அடியில் துருவின் ருசி வரும். கடற்கரையில் இழுத்துப் போட்டிருக்கும் பழைய நங்கூரத்தை நக்கிப் பார்த்தால் என்ன ருசி இருக்குமோ அதே ருசி. நக்கிப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதோ தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதோ, சொல்லாமல் கொள்ளாமல் வாயில் எச்சில் ஊறி, காது லேசாக அடைத்து, பிறகு ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு ஊரே கேட்டது. இன்றைக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

ராமேஸ்வரம் தீவில், மாதா கோயிலை ஒட்டிய ஒரு மீனவத் தெருவில் எங்கள் வீடு. அப்பா விசைப்படகு ஓட்டினார். எங்கள் வாயில் அது "போட்டு", அவர் "டிரைவர்". திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வருவார். அம்மா கடல்கரைக்காரி அல்ல, ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பத்து வருடம் மீன் ஆய்ந்த பிறகும் தெருவில் அவளுக்கு "நெல்லுக்காட்டுக்காரி" என்றுதான் பெயர்.

எனக்கு ஏழு வயதில், ஒரு மாலையில், எதிர்வீட்டு மாமாவின் பெயரைச் சொல்லி "மாமாவுக்குக் காலு போச்சு" என்று நான் அழுதேனாம். மறுநாள் காலையில் அந்த மனிதரை வலை இழுக்கும் கயிற்றில் கால் சிக்கி நொறுங்கிய நிலையில் தூக்கி வந்தார்கள். அந்தக் கயிறு இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அப்பாவும் அவரும் முதல் நாள் எங்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கக்கூடும். கேட்டேனா என்பது நினைவில்லை. துருவின் ருசி மட்டும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு நான் தெருவுக்குப் பொதுச்சொத்தாகிவிட்டேன். மணலில் விழுந்த மூக்குத்தி எங்கே, ஓடிப்போன ஆடு எங்கே, "பாடு" எப்படி இருக்கும், அதாவது வலையில் எவ்வளவு மீன் விழும் என்று கேட்டு வந்தார்கள். மூக்குத்தி அரிசிப் பானையில் கிடைத்தது. ஆடு கிடைக்கவேயில்லை, அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்திக்குப் பெண்பிள்ளை என்று நான் சொல்ல, அவளுக்கு இரட்டை ஆண் பிறந்தது. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், "அமலி அப்பவே சொல்லுச்சுல்ல" என்று அவளே கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தாள். தப்பிப்பதற்கு எனக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

வீட்டில் மட்டும் என் ருசி பெரும்பாலும் தப்பியதில்லை. அப்பா குடிக்காத நாளில் எங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலோரம் நடக்கிற மனிதர். குடித்த நாளில் தட்டு பறக்கும், அதற்குப் பின்னால் கை பறக்கும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே இன்று எந்த அப்பா வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கெட்ட அப்பா என்றால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயில் வளாகத்துக்கு ஓடிவிடுவேன். அம்மா ரேடியோவில் வானிலை கேட்பதுபோல என்னிடம் கேட்பாள்: "ஏ புள்ள, இன்னைக்கு எப்படி இருக்கும்?" நான் சொன்னால் சரியாக இருக்கும். செருப்புச் சத்தத்தின் வித்தியாசத்தைக் கேட்டுத்தான் சொன்னேனோ, என்னவோ. பயந்த பிள்ளைக்குக் காது கூர்மையாக இருக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் செருப்புச் சத்தத்துக்கு ஏன் துருவின் ருசி வர வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெருமை. "என் மக வாயில மாதா பேசுறா" என்பார். அம்மாவுக்கு அது பிடிக்காது. "மாதாவுக்கு வேற வாயே கிடைக்கலையாக்கும், போய் வாயைக் கொப்பளி" என்பாள். நான் கொப்பளிப்பேன். ருசி போகாது.

இந்த இடத்தில் எங்கள் தெருவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. படியிறங்கும் நேரத்தில் யாராவது "போகாதே" என்று சொல்லிவிட்டால் அது "தடை". அன்றைக்கு அவர் போக மாட்டார். பெண்டாட்டி சொன்னால் அது தடையில் சேராது, அவள் தினமும் சொல்கிறவள்தானே. சின்னப்பிள்ளை சொன்னால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கு. நானோ சின்னப்பிள்ளைக்கும் மேலே!

எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்தாள். தம்பியின் தடுப்பூசிச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் அரிசி எடுக்கப் போனபோது டிரம்முக்குப் பின்னால் நீல ரெக்சின் பை இருப்பதைப் பார்த்தேன். மேலாக அம்மாவின் சேலை, அதன்மேல் தம்பியின் இரண்டு சட்டைகள். நான் தோண்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஏனென்றால் அதற்குள் வாய் முழுக்கத் துரு ஊறிவிட்டது. அப்பா கடலுக்குப் போனதும் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மங்கலம் பக்கத்துப் பெரிய மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், தீவைக் கடந்து உச்சிப்புளியைத் தாண்டினால் அப்பாவின் கை நீளாது, நான் மட்டும் அப்பாவோடு இருப்பேன். அப்பாவின் செல்லம் நான்தானே. எனக்கு இது தெரிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தார். நான் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தேன்.

"அப்பா, இன்னைக்குப் போகாதீக."

அவ்வளவுதான் சொன்னேன். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டிப்போக வந்திருந்த சூசை மாமா, அப்பாவின் போட்டில் வலை இழுப்பவர், முகம் வெளுத்துப்போய் "தடை விழுந்துருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கடற்கரையைப் பார்த்து ஓடினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருப் போட்டுகள் ஆறும் கடலுக்குப் போக வாங்கிய டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. அடுப்படி வாசலில் நின்ற அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். கோபம் இல்லை அதில். எனக்கு இன்றுவரை பெயர் தெரியாத வேறு ஏதோ இருந்தது.

அன்று முழுவதும் அப்பா வீட்டில்தான் இருந்தார், தம்பியோடு தாயம் ஆடினார், அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார். பள்ளிவிட்டு வந்து பார்த்தபோது நீலப் பை டிரம்முக்குப் பின்னால் இல்லை, அம்மா இருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடந்தது. வியாழக்கிழமை காலையில் மற்றத் தெருப் போட்டுகள் கூடை கூடையாக இறால் கொண்டுவந்து கொட்டின. கரையில் அப்பாவைப் பார்த்து, "என்ன டிரைவரு, மாதா லீவு குடுத்துட்டாளா?" என்று சிரித்தார்களாம். மத்தியானம் கெட்ட அப்பா வந்தார். அவர் என்னைத் தொடவில்லை. என்னைத் தொட அவருக்குப் பயம். அதனால் என் பங்கும் சேர்த்து அம்மாவுக்கு விழுந்தது. அவளுடைய இடது கை மணிக்கட்டு அதற்குப் பின் நேராகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் பச்சைப் பட்டுப்பாவாடையை எடுத்தபோது அது கண்டபடி கசங்கியிருந்தது. பெட்டியில் மடித்து வைத்த பாவாடை எப்படிக் கசங்கும் என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். கட்டுப்போட்ட கையோடு அம்மா அதைத் தரையில் விரித்து மறுகையால் நீவிக் கொடுத்தாள். அம்மா பிறகு எங்கேயும் போகவில்லை. தெருக்காரர்கள் என்னிடம் கேட்பதை நிறுத்தினார்கள், ருசியும் மெல்ல மெல்ல வராமல் போனது.

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா ராமநாதபுரத்தில் என்னோடு இருக்கிறாள். நான் ஒரு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்கிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம், காபி குடித்துக்கொண்டே, அன்றைக்கு நீ தம்பியை மட்டும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தாய்தானே என்று முப்பது வருடத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அம்மாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உன்னை விட்டுட்டா? பையில அடியில உன் பச்சைப் பாவாடை இருந்துச்சே, புள்ள. கசங்காம இருக்கட்டும்னு என் சேலைக்குள்ள வச்சுத்தான் மடிச்சேன். மத்தியானம் ஸ்கூல்ல வந்து உன்னையக் கூப்பிட்டுக்கிட்டு மூணு பேருமா பஸ் ஏறணும்னு இருந்தேன்."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலையே. எல்லாரும் உன்னையத்தான கேட்டுக்கிட்டுக் கெடந்தோம்."

சொல்லிவிட்டு, வளைந்த அந்தக் கையால் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாக்கைக் கீழே அழுத்திப் பார்த்தேன். ஆறிப்போன காபியின் ருசி மட்டும் இருந்தது.